திருகிய காலமும் தேடுகிற காலமும்

புதுச்சேரியில், கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. மில்லை ஒட்டிய ரயில்வே கேட் மூடியிருக்கும்போதுதான் ஒரு காரின் உண்மையான குணம் தெரியும். ஓடுகிற வண்டியில் எந்தக் கோளாறும் ஒளிந்துகொள்ளும். நின்ற இடத்தில், ஆக்சிலேட்டரில் கால் படாமல், ஏ.சி.யையும் சுமந்துகொண்டு இன்ஜின் தன்னைத் தானே தாங்கிக்கொள்ள வேண்டிய அந்தச் சில நிமிடங்களில் ஒளிய இடம் இல்லை. வயதான மாருதி 800 ஒன்று வரிசையில் நின்றால் பார்க்கலாம். ஸ்டியரிங் நடுங்கும். ஹெட்லைட் மங்கித் தெளியும். இன்ஜின் சத்தம் யாரும் மிதிக்காமலே ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். ரயில் போய்க் கேட் தூக்குகிற நேரம் பார்த்து வண்டி ஆஃப் ஆகும். பின்னால் இருப்பவர்கள் ஹாரனில் கை வைப்பார்கள்.

“ஐட்லிங் நிற்க மாட்டேங்குது” என்பது முதலியார்பேட்டைப் பட்டறைகளில் கார் நுழைந்த காலம் முதல் கேட்கிற புகார். புகார் அப்படியேதான் இருக்கிறது. அதைக் கேட்டதும் மெக்கானிக் எதைக் கையில் எடுக்கிறார் என்பது மட்டும் தலைகீழாக மாறிவிட்டது.

இரண்டு ஸ்க்ரூ

அறுபது, எழுபதுகளில் நம் சாலைகளில் ஓடியவை பெரும்பாலும் மூன்று கார்கள்: அம்பாசிடர், பின்னாளில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய ஃபியட், வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பத்மினியிலும் பிற்கால அம்பாசிடரிலும் இருந்தது சோலெக்ஸ் கார்புரேட்டர். பாரிஸில் குடார், மென்னஸ்ஸோன் என்ற இருவர் தொடங்கிய நிறுவனத்தின் சரக்கு அது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் புதுச்சேரியை ஒப்படைத்துவிட்டுப் போனது. சோலெக்ஸ் மட்டும் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் இந்திய பானெட்டுகளுக்குள் குடியிருந்தது.

அதன் ஐட்லிங் கணக்கு எளிமையானது. ஆக்சிலேட்டரை விட்டதும் கார்புரேட்டரின் தகடு ஏறத்தாழ மூடிக்கொள்ளும். அந்த மெல்லிய சந்து வழியே கொஞ்சம் காற்று, ஐடில் ஜெட் என்ற ஊசித் துளை வழியே கொஞ்சம் பெட்ரோல். அவ்வளவுதான் இன்ஜினுக்கு அப்போது ஆகாரம். தகடு எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதற்கு ஒரு ஸ்க்ரூ, கலவை எவ்வளவு வர வேண்டும் என்பதற்கு இன்னொன்று.

அதை வைக்கிற விதத்தைக் கிட்டே நின்று பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இன்ஜின் நன்றாகச் சூடாக வேண்டும். சோக்கை முழுக்க உள்ளே தள்ளிவிட்டு, ஸ்பீடு ஸ்க்ரூவைச் சற்றே திருகி வேகத்தைக் கூட்டுவார் மெக்கானிக். பிறகு திருப்புளி மிக்ஸ்சர் ஸ்க்ரூவுக்குப் போகும். மெல்ல மெல்ல உள்ளே. ஓரிடத்தில் இன்ஜின் திக்கும்: பெட்ரோல் பத்தவில்லை. அங்கிருந்து வெளியே. சத்தம் சீராகும். இன்னும் வெளியே போனால் ஓட்டம் கனத்து, சைலன்சரில் பெட்ரோல் வாடை வரும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் இன்ஜின் சந்தோஷமாகச் சுற்றுகிற இடம் ஒன்று உண்டு. அங்கே நிறுத்திவிட்டு, ஸ்பீடு ஸ்க்ரூவைத் தளர்த்தி வேகத்தை இறக்குவார். ஆர்.பி.எம். காட்டுகிற மீட்டர் அந்த வண்டிகளில் கிடையாது. நிமிடத்துக்கு எழுநூறு, எண்ணூறு சுற்று என்பதைக் காதுதான் எண்ணியது.

ஆனால் நல்ல மெக்கானிக் எடுத்த எடுப்பில் கார்புரேட்டரைத் தொட மாட்டார். முதலில் நெருப்பு சரியா என்று பார்ப்பார். டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயின்ட் கருகியிருந்தால் எமரி பேப்பரில் தேய்த்து, ஃபீலர் கேஜை நுழைத்து இடைவெளியை அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வைப்பார். கண்டென்சர், பிளக், டாப்பெட் எல்லாம் பார்த்தான பிறகே பெட்ரோல் பக்கம் வருவார். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, ஓடுகிற இன்ஜினில் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். பிடுங்கியதும் ஓட்டம் தள்ளாடினால் அந்த சிலிண்டர் உயிரோடு இருக்கிறது. தள்ளாடாவிட்டால் குற்றவாளி அதுதான். கையில் ஷாக் அடிப்பது கூலியில் சேர்த்தி.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மனம் வரவில்லை. மே மாத வெயிலில் பெட்ரோல் பம்புக்குள்ளேயே ஆவியாகி, பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிக்கொண்டு காத்திருந்தவர்கள் உண்டு. அடைத்த ஜெட்டில் கம்பியை விட்டுக் குடைந்து துளையைப் பெரிதாக்கிவிட்டு, பிறகு எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் கலவை சேராமல் தவித்த பட்டறைகளும் உண்டு. வைத்த ட்யூனிங் சில மாதம்கூட நிற்காது. காலையில் சோக், மழையில் மிஸ்ஸிங், மேட்டில் திணறல். இவை எல்லாம் சேர்ந்துதான் அன்றைய கார்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதும் அடிப்படை மாறவில்லை. 796 சி.சி., மூன்று சிலிண்டர், ஜப்பானிய மிகுனி வடிவமைப்பில் ஒரு கார்புரேட்டர். மிகுனியோடு கூட்டுச் சேர்ந்து மறைமலை நகரில் ‘யூகால்’ நிறுவனம் கார்புரேட்டர் செய்தது. கடலூர் சாலையில் ஓடுகிற வண்டிக்குப் பக்கத்து ஊர்ச் சரக்கு. மூன்று சிலிண்டர் என்பதால் இந்த இன்ஜினுக்குப் பிறவியிலேயே கொஞ்சம் ஆட்டம் உண்டு. இன்ஜின் மவுண்டிங் ரப்பர் தேய்ந்துபோனால் அந்த ஆட்டம் நேராக ஸ்டியரிங்குக்கு வரும். ஐட்லிங் கெட்டுப்போனதாக நினைத்துக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிய வண்டிகளில் பலவற்றுக்கு உண்மையில் வேண்டியிருந்தது ரப்பர் மவுண்டிங்தான்.

ஸ்க்ரூ காணாமல் போனது

கார்புரேட்டரைக் காலி செய்தது மெக்கானிக்கும் அல்ல, வாடிக்கையாளரும் அல்ல, புகை. பெருநகரங்களில் 1995 முதல் புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. 1999-இல் உச்ச நீதிமன்றம் தலைநகர்ப் பகுதிக்கு யூரோ தரத்தைக் கட்டாயமாக்கியது. 2000-இல் நாடு முழுக்கப் புதிய புகைத் தரம், ஈயம் இல்லாத பெட்ரோல். இதற்கிடையே 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்த சான்ட்ரோவில் முதல் நாளிலிருந்தே எம்.பி.எஃப்.ஐ. இருந்தது: சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர், அவற்றை ஆட்டுவிக்க ஒரு கம்ப்யூட்டர். மாருதி 800-உம் அதே வழிக்கு வந்தது.

அந்தக் கம்ப்யூட்டரை மெக்கானிக்குகள் ‘ஈ.சி.எம்.’ என்பார்கள். ஐட்லிங்கை வைப்பது இனி அதன் பொறுப்பு. தகடு மூடியபின் பக்கத்துச் சந்து ஒன்றின் வழியே காற்று போகும். அந்தச் சந்தை ஒரு சின்ன ஸ்டெப்பர் மோட்டார் கூட்டிக் குறைக்கும். ஏ.சி. போட்டீர்களா, கூடுதல் காற்று. இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா, இன்னும் கொஞ்சம். சோக் பிடித்து இழுக்கிற வேலை போயிற்று. மாதாமாதம் ட்யூனிங் என்ற பேச்சும் போயிற்று. இது பெரிய நன்மை. இதைக் குறைத்துச் சொல்பவர்கள் பத்மினியை மார்கழி விடியலில் கிளப்பிப் பார்க்காதவர்கள்.

ஆனால் இந்த வசதிக்குள் ஒரு சங்கடமும் இருக்கிறது. கார்புரேட்டர் வண்டியில் ஏதாவது கெட்டால் அன்றே தெரியும். கம்ப்யூட்டர் அப்படி விடாது. அந்தத் தகடு இருக்கிற திராட்டில் பாடியில் கரி படிந்து காற்று குறைந்தால் மோட்டாரைத் திறந்து ஈடுகட்டும். பிளக் தேய்ந்தால் அதற்கும் ஏதாவது செய்து சமாளிக்கும். கடன் வாங்கிக் கடன் அடைத்து, வீட்டில் யாருக்கும் தெரியாமல் குடும்பம் நடத்துகிற மனிதரைப் போல அது வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கும். இனித் திறக்க இடம் இல்லை என்ற நிலை வரும் அன்றுதான், ரயில்வே கேட்டில் ஏ.சி. கம்ப்ரெசர் ‘டக்’ என்று விழும் நொடியில், வண்டி நிற்கும். கோளாறு நேற்று வந்ததல்ல. நமக்கு நேற்றுத் தெரிந்தது.

ஏறி இறங்குவது ஏன்?

இன்றைய பழைய கார்களில் அதிகம் கேட்கிற தொல்லை இது. நின்ற வண்டியில் இன்ஜின் ‘ஊம்… ஊம்…’ என்று ஏறி இறங்கும். எங்கோ காற்று கசிகிறது என்று வையுங்கள்: பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயில் வெடிப்பு, அல்லது இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டின் கேஸ்கெட் காய்ந்து சுருங்கியிருக்கிறது. மாருதி போன்ற வண்டிகளில் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளந்துதான் பெட்ரோல் கொடுக்கப்படுகிறது. திருட்டுக் காற்று நுழைந்தால் அழுத்தம் கூடும், சென்சார் அதை நல்ல காற்று என்றே நினைத்துக் கூடுதல் பெட்ரோல் கொடுக்கச் சொல்லும், வேகம் ஏறும். கால் மிதிக்கவில்லை, வேகமோ அதிகம். வண்டி இறக்கத்தில் உருளுகிறது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்து பெட்ரோலை நிறுத்தும். வேகம் விழும். விழுந்ததும் மறுபடி பெட்ரோல். மறுபடி ஏற்றம். கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை, தனக்குச் சொல்லப்பட்ட பொய்யை நம்பி ஒழுங்காக வேலை செய்கிறது.

இங்கேதான் பழைய கைப்பழக்கம் வில்லனாகிறது. திராட்டில் பாடியில் இன்னமும் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். தகடு முழுக்க மூடி உரசாமல் தடுக்க கம்பெனியில் வைத்துப் பூட்டியது அது. வண்டி ஆஃப் ஆகிறது என்று வந்தால் அதைக் கால் சுற்று திருகி, “சரியாயிடுச்சு சார், எடுத்துட்டுப் போங்க” என்று அனுப்புகிற பட்டறைகள் இன்றும் இருக்கின்றன. இரண்டு வாரம் ஓடும். ஆனால் தகடு இப்போது மூடிய நிலையில் இல்லை. வண்டி ஐட்லிங்கில் இருக்கிறதா, ஓடுகிறதா என்பதே கம்ப்யூட்டருக்குக் குழப்பம். ஒரு கரிப் படிவமாக இருந்தது இப்போது இரண்டு கோளாறு.

தேடுகிற முறை வேறு. முதலில் கேள்வி: குளிர்ந்த வண்டியிலா, சூடானபின்னா? ஏ.சி. போட்டாலா, போடாமலா? பிறகு கண்ணும் காதும்: ஒவ்வொரு வேக்குவம் ஓஸையும் விரலால் மடக்கிப் பார்த்தால் வெடிப்பு தெரியும், ‘ஸ்ஸ்’ என்ற சத்தமும் காட்டிக்கொடுக்கும். சந்தேகமுள்ள இணைப்பில் கார்புரேட்டர் கிளீனரைச் சூடான சைலன்சர் குழாயில் படாமல் கொஞ்சம் அடித்தால், கசிவு இருக்கும் இடத்தில் இன்ஜின் சத்தம் சட்டென்று மாறும். கார்புரேட்டர் காலத்தில் கசிவு தேட இணைப்பில் பெட்ரோலைச் சொட்டுவிட்டுப் பார்த்த வித்தையின் வாரிசு இது.

அடுத்து திராட்டில் பாடி. ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, தகட்டை விரலால் திறந்து டார்ச் அடித்தால், விளிம்பைச் சுற்றித் தார் போன்ற கறுப்பு வளையம் தெரியும். இன்ஜின் எண்ணெய் ஆவியும் தூசியும் சேர்ந்து கெட்டித்தது. அந்த வளையத்தின் கனம் நகம் அளவுகூட இராது. ஆனால் மூடிய தகட்டுக்குக் காற்று போவதே அந்தக் கன அளவுச் சந்தில்தான். கிளீனரும் பனியன் துணியும் கொண்டு துடைத்து, ஸ்டெப்பர் மோட்டாரின் முனையையும் சுத்தம் செய்து மாட்டினால் பாதி வண்டிகள் இங்கேயே குணமாகும். துடைத்தவுடன் ஐட்லிங் சற்று ஏறித் தெரியலாம். பழைய அழுக்குக்கு ஏற்பப் பழகியிருந்த கம்ப்யூட்டர் புதுக் கணக்குக்கு வர நேரம் எடுக்கும்.

சிலிண்டர் சோதனையும் மாறியிருக்கிறது. கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் பிளக் ஒயரைப் பிடுங்கக் கூடாது. எரியாத பெட்ரோல் நேரே அதற்குள் போய்ப் பற்றி அதை உருக்கிவிடும். இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்ற வேண்டும்: பெட்ரோலும் நிற்கும், ஷாக்கும் இல்லை.

அதற்குப் பிறகே ஸ்கேனர். அதுவும் எல்லா வண்டியிலும் ஒரே மாதிரி பேசாது. ஓ.பி.டி. என்ற பொது மொழி நம் நாட்டில் 2010-க்குப் பிறகு படிப்படியாகத்தான் கட்டாயமானது; அதற்கு முந்தைய வண்டிகளில் ஆன்லைனில் வாங்கிய மலிவு புளூடூத் கருவி சொருகினாலும் பல நேரம் வாய் திறக்காது. வாய் திறந்தாலும், சிவப்பில் வரும் கோளாறுக் கோடு எண்ணை மட்டும் படித்து சென்சாரை மாற்றுவது அரைகுறை வேலை. ஓடுகிற எண்களைப் படிக்க வேண்டும். புதுச்சேரி கடல்மட்டத்து ஊர். வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். நல்ல இன்ஜினில் ஐட்லிங்கின்போது மேனிஃபோல்டில் அது 30 முதல் 40 வரைதான் இருக்கும். ஐம்பதைத் தாண்டினால் சென்சார் மேல் பழி போடுவதற்கு முன் காற்றுக் கசிவையும் வால்வையும் பார்க்க வேண்டும்.

நம் ஊர்க் கைவரிசை

சில காரணங்கள் இந்த ஊருக்கே உரியவை. கடல் கூப்பிடு தூரம். உப்புக்காற்றில் கனெக்டர் பின்களில் பச்சை பூக்கும். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை அரித்துப்போகும். எர்த் சரியில்லாவிட்டால் எல்லா சென்சாரும் கொஞ்சம் கொஞ்சம் பொய் சொல்லும். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை கொட்டி, தாழ்வான பகுதிகளில் கார்கள் தண்ணீரில் நின்றன. காயவைத்துக் கிளப்பியதும் ஓடிய வண்டிகளிலும் ஒயரிங்குக்குள் புகுந்த ஈரம் சும்மா இருப்பதில்லை. மாதங்கள் கழித்து அரிப்பாக வேலையைக் காட்டும். அப்படிப்பட்ட வண்டியில் புது சென்சார் வாங்குவதற்கு முன் கனெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்வதுதான் முதல் வேலை.

இன்னொன்று தெர்மோஸ்டாட். “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?” என்று கழற்றிப் போடுவது பத்மினி காலத்துப் பழக்கம். இன்ஜின் சூடாகத் தாமதமாகும், அவ்வளவுதான் என்று அன்று விட்டுவிட்டார்கள். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் அதே காரியம் வேறு விளைவைத் தரும். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. குளிர்ந்த இன்ஜின் என்று நினைத்து கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலும் கூடுதல் வேகமும் கொடுத்துக்கொண்டே இருக்கும். பிளக் கறுக்கும், மைலேஜ் விழும். நூறு காரணம் தேடிவிட்டுக் கடைசியில் பார்த்தால் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும்.

மூன்றாவது பெட்ரோல். பக்கத்துக் கடலூர், விழுப்புரக்காரர்கள் எல்லை தாண்டி வந்து டேங்க் நிரப்பிப்போகிற அளவுக்கு இங்கே விலை குறைவு. ஆனால் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது இங்கும் அங்கும். ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். ஆகவே அதே ஜெட்டில் எத்தனால் கலந்தது வந்தால் கலவை மெலிந்துபோகும். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டி தானே திருத்திக்கொள்ளும். இன்னும் உயிரோடிருக்கும் கார்புரேட்டர் வண்டிக்கு அந்த அறிவு இல்லை. மிக்ஸ்சர் ஸ்க்ரூவைச் சற்று வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். பழைய ரப்பர் ஓஸ்களையும் எத்தனால் சும்மா விடாது; அவற்றை எத்தனாலுக்குத் தாங்குகிற ஓஸாக மாற்றுவது பெரிய செலவில்லை.

சட்டம் மூக்கை நீட்டுகிற இடம்

ஐட்லிங் கெடுவது சுகக்கேடு மட்டும் அல்ல, புகைச் சான்றிதழ் விவகாரமும்கூட. புகைப் பரிசோதனை நடப்பதே ஐட்லிங்கில்தான். பாரத் ஸ்டேஜ் 2 என்ற புகைத் தரத்துக்கு முந்தைய பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை சலுகை. அதற்குப் பிந்தையவற்றுக்கு 0.5, பாரத் ஸ்டேஜ் 4-க்கு 0.3. கார்புரேட்டர் வண்டி தோற்றால் பரிசோதனை மையத்து வாசலிலேயே ஸ்க்ரூவைத் திருகித் தேற வைத்துவிடலாம். எம்.பி.எஃப்.ஐ. வண்டி தோற்றால் அந்தக் குறுக்குவழி கிடையாது. காரணத்தைக் கண்டுபிடித்துத்தான் வர வேண்டும்.

மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. கடைசியாக வந்தவையே பத்து வயதைத் தாண்டிவிட்டன. பதினைந்து வருடம் ஆன காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் கட்டணம் 5,000 ரூபாய். இருபதைத் தாண்டினால் 2025 முதல் 10,000. இத்தனையும் கட்டி, ‘பி.ஒய். 01’ பலகையோடு ஒரு பழைய காரை வைத்திருப்பவர் ஏதோ பிடிப்பில்தான் வைத்திருக்கிறார். அந்தப் பிடிப்புக்கு உதவுகிற மெக்கானிக் இன்று ஸ்க்ரூவுக்கும் சென்சார் டப்பாவுக்கும் நடுவில் நிற்கிறார். ஒரு பக்கம் திருகிச் சமாளிக்கிற பழக்கம் இழுக்கிறது. இன்னொரு பக்கம் கோடு வந்ததும் பொருளை மாற்றுகிற பழக்கம். இரண்டிலும் தேடல் இல்லை.

பத்மினி காலத்து நல்ல மெக்கானிக் பாயின்ட்டைப் பார்க்காமல் கார்புரேட்டரைத் தொடாதவர். அந்த வரிசை இன்றைக்கும் செல்லுபடியாகும்: காசில்லாத சோதனை முதலில், கிளீனரும் துணியும் அடுத்து, புதுப் பொருள் கடைசி. வண்டியை விடும்போது “என்ன மாத்தணும்?” என்று கேட்டால் ஒரு பொருளின் பெயர்தான் பதிலாக வரும். “எதை வெச்சு அதுதான்னு சொல்றீங்க?” என்று கேளுங்கள். அழுத்தம் இவ்வளவு காட்டுகிறது, இந்த ஓஸை மடக்கினால் சரியாகிறது என்று பதில் சொல்கிறவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.